சார்ஜ் ஏறட்டும்

"கரண்டைக் கூட்டி வையுங்கம்மா" என்றார் சிக்கந்தர். "இது பத்தல. கை அப்படியேதான் கிடக்கு."

சிக்கந்தர் மதுரையில் பரோட்டா மாஸ்டர். பக்கவாதம் வந்து வலது கை சோர்ந்துபோனதிலிருந்து அவரைக் கடையில் டோக்கன் கிழித்துக் கொடுக்க உட்கார வைத்திருந்தார்கள். அவருடைய பரோட்டாக் கல்லின் முன்னால் வேறொருவன் நின்றான். அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது நோயைவிடப் பெரிய வேதனையாக இருந்தது.

எஸ்தர் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி தருபவள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளை அவர் தலையில் வைத்துக் கட்டி, ஒரு சின்னப் பெட்டியிலிருந்து மெல்லிய மின்சாரம் விடுவாள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அது ஓடும்போதே மரக்குச்சிகளை எடுத்துப் பலகையின் துளைகளில் செருகிப் பழக வேண்டும்.

சிக்கந்தர் செருக மாட்டார். கையை மடியில் போட்டு, கண்ணை மூடி, அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

ஏன் என்று கேட்டதற்கு, சார்ஜ் ஏறும்போது போனைத் தொட்டால் பேட்டரி கெட்டுப்போகும் என்றார். முழுசாக ஏறட்டும், பிறகு கையை அசைக்கலாம் என்பது அவர் கணக்கு.

எஸ்தர் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

கரண்டைக் கூட்டச் சொன்ன அன்று அவள் பெட்டியை நிறுத்திவிட்டுப் பட்டைகளைக் கழற்றினாள்.

மறுநாள் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். உள்ளே எண்ணெயில் ஊறிய மாவு உருண்டைகள். அவருடைய கடையிலேயே கேட்டு வாங்கியிருந்தாள். பட்டைகளை எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொண்டு பெட்டியின் சுவிட்சைப் போட்டாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"பரோட்டா வீசப் போறேன் மாஸ்டர்."

"வீசத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. அதான் கரண்ட் இருக்கே."

கையை மடியில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சிக்கந்தருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டி கீச்சென்று சத்தம் கொடுத்து நின்றதும் எழுந்தாள். மேஜையில் ஓர் உருண்டையைத் தட்டி, விளிம்பைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் வீசினாள்.

மாவு ஜன்னல் கம்பியில் போய்த் தொங்கியது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்தது கையிலேயே கிழிந்தபோது சிரிப்பு போய்விட்டது. இன்னொன்றை எடுத்து அவள் கசக்க ஆரம்பித்ததும் கோபமே வந்துவிட்டது. நல்ல மாவு வீணாவதை எந்த மாஸ்டர்தான் பார்த்துக்கொண்டிருப்பார்?

"மாவைக் கொல்றீங்களேம்மா. விரலை இறுக்காதீங்க. மணிக்கட்டுல இருந்து வரணும். இந்தா, இப்படி."

அவள் கையிலிருந்ததைப் பிடுங்கி வீசினார். இரண்டு கையாலும்.

இடது கை போன வேகத்துக்கு வலது கை போகவில்லை. மாவு கோணலாக விரிந்து, ஓரத்தில் கிழிந்து, மேஜையில் விழுந்தது.

எஸ்தர் தன் தலையிலிருந்த பட்டைகளை அவிழ்த்தாள்.

சிக்கந்தர் அந்தக் கோணல் மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். விரல்களில் எண்ணெய் மினுங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த விரல்களுக்கடியில் மாவு நீண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேவலமா இருக்கு" என்றார்.

நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையை அவள் பக்கம் குனிந்து காட்டினார்.

"கட்டுங்கம்மா."

அவள் பட்டைகளை நனைத்துக் கட்டினாள். பெட்டியின் திருகில் கை வைத்தாள்.

"கூட்டி வைக்கவா மாஸ்டர்?"

"அது கிடக்கட்டும். அந்த வாளியை இப்படித் தள்ளுங்க."