வாசலய்யாவின் முகம்

குருவுக்கு முப்பத்துநாலு வயது, சீடருக்கு ஐம்பத்தொன்பது. இதென்ன தலைகீழ் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். தெரிந்தவர் சொல்லித்தருகிறார், தெரியாதவர் கற்றுக்கொள்கிறார், அவ்வளவுதான்.

குரு பூங்காவனம், பழைய கட்டடங்களின் கல்லுக்கு வைத்தியம் பார்க்கிறவர். சீடர் தனகோட்டி, அரசாங்கத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலம் கட்டிய கையில் இப்போது ஒரு சின்ன பிரஷ்.

கீழ்மாம்பாடி கோயில் மணற்கல்லால் ஆனது. சந்நிதி வாசல் சுவரோடு சேர்த்துச் செதுக்கிய ஒரு காவல் சிலை நிற்கிறது. ஊர் அதை வாசலய்யா என்று கூப்பிடுகிறது. இருபத்துநாலு வருஷமாக வாசலய்யா மேலிருந்து வெள்ளைப் பொடி உதிர்கிறது. ஊர் அதை அதிசயம் என்றது. காலடியில் பித்தளைத் தட்டு வைத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து பொடியை நெற்றியில் பூசிக்கொண்டு, மிச்சத்தைக் காகிதத்தில் மடித்துப் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு எடுத்துப்போனது.

அந்த அதிசயத்தைச் செய்தது யார் என்று தனகோட்டிக்குத் தெரியும். சாட்சாத் அவரேதான். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுவரின் பின்பக்கம் முழுக்கச் சிமெண்ட் பூசி, தண்ணீர் புகாத பெயிண்டும் அடித்தவர் அவர். சுவருக்குள் இருந்த ஈரத்துக்குப் பின்னால் வழி இல்லை. முன்பக்கம், சிலை வழியாக வந்தது. உப்பையும் இழுத்துக்கொண்டு வந்தது. அந்த உப்புதான் கல்லை அரித்துப் பொடியாக்கியது.

ஓய்வு பெற்ற பிறகு பூங்காவனம் டீச்சர் நடத்திய ஒரு பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டார். அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே டீச்சரிடம் சீடராகச் சேர்ந்தார். வேலையைக் கற்றார், கேள்வி கேட்டார். அந்த ஒன்றைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

கீழ்மாம்பாடி வேலை டீச்சர் கைக்கு வந்தது. முதலில் சுவரின் சிமெண்ட்டைப் பெயர்த்தார்கள். அப்புறம் நனைத்த காகிதக் கூழைச் சிலைமேல் அப்பி அப்பி, இரண்டு மாதம் உப்பை உறிஞ்சி எடுத்தார்கள். கடைசியில், உதிர்கிற கல்லைக் கெட்டியாக்க, டீச்சர் ஒரு சீசாவைத் திறந்தார். உள்ளே மோர்த்தண்ணி மாதிரி ஏதோ இருந்தது.

"இது என்ன, டீச்சர்?"

"சுண்ணாம்பு. நானோத் துகள். எரிசாராயத்துல மிதக்குது."

"சுண்ணாம்புதானே, மூட்டைக்கணக்கா நானே கரைச்சுத் தரேன். எதுக்கு இவ்வளவு பொடிசு?"

"பெருசா இருந்தா மேலயே நின்னுடும், சார்."

தனகோட்டி குனிந்து பிரஷ்ஷை எடுத்தார். முப்பது வருஷம் பெரிய சார் என்று கூப்பிடக் கேட்டவர்.

ஒருநாள் டீச்சர் வருவதற்குள் ஆர்வக்கோளாறில் உச்சி வெயிலில் பூசித் தொலைத்தார். அரைமணி நேரத்தில் வாசலய்யாவின் முழங்கால் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. டீச்சர் வந்து பார்த்தார்.

"சாராயம் சட்டுனு ஆவியாச்சு. உள்ளே போனதையும் கையோட கூட்டிட்டு வந்துடுச்சு."

"இப்போ என்ன பண்றது?"

"துடைங்க. நாளைக்குக் காலையில முதல்லேருந்து."

இப்படிப் பாதத்திலிருந்து தோள் வரை வந்தார்கள். பாதத்துக்கு மட்டும் பதினோரு பூச்சு. விரலால் தேய்த்தால் இப்போது ஒன்றும் ஒட்டாது. முகம்தான் பாக்கி. மூக்கு எப்போதோ போய்விட்டது. ஒரு கண்ணும் பாதி உதடும்தான் மிச்சம். இன்னொரு மழைக்காலம் வந்தால் அதுவும் தட்டில்தான் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை தட்டில் ஒரு சிட்டிகைதான் விழுந்திருந்தது. ஊர் கொதித்துவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர் ஆதிமூலம் நாற்பது பேரோடு வந்து வாசலில் நின்றார்.

"ஏம்மா, அய்யா குடுக்கிறதை நிறுத்த நீ யாரு?"

"அவர் குடுக்கலைங்க, ஐயா. நீங்க எடுத்துட்டு இருக்கீங்க."

"நாங்க எதை எடுத்தோம்?"

"இத்தனை வருஷமா நெத்தியில பூசினது அவரோட மூக்கு."

கூட்டத்தில் ஒரு அம்மாள் சட்டென்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆதிமூலத்துக்கு முகம் சிவந்தது.

"உடம்பெல்லாம் உன் மருந்தைப் பூசிட்ட, போகட்டும். முகத்தை விட்டுடு. அதுல வர்ற பொடியாவது ஊருக்கு இருக்கட்டும்."

"விட மாட்டேன்."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள ஒரு பூச்சு போட்டுடலாம்."

தனகோட்டி பிரஷ்ஷைக் கீழே வைத்தார். டீச்சரை ஓரமாக அழைத்துப்போய் மெல்லக் கேட்டார்.

"இவ்வளவு பேரை எப்படி டீச்சர் எதிர்த்து நிக்கிறது?"

டீச்சர் கீழே குனிந்தார். கருவிப் பெட்டியின் அடியிலிருந்து பழைய துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கனத்தது. பிரித்தார். சிமெண்ட் துண்டு. ஈரம் காய்வதற்குள் கொத்தனார் கரண்டியின் நுனியால் எழுதிய எழுத்து அதில் இருந்தது. த.கோ. பக்கத்தில் தேதி. வேலை முடிந்தால் பேரையும் தேதியையும் பொறித்துவிட்டுப் போவது அந்தக் காலத்து என்ஜினீயர்களின் பெருமை.

தனகோட்டி எழுத்தின்மேல் விரலை ஓட்டினார்.

"இது எப்போ கிடைச்சுது?"

"முதல் வாரமே."

"ஏன் டீச்சர் கேட்கலை?"

"உப்பு தானா வெளியே வரணும், சார். சுரண்டினா கல்லும் சேர்ந்து போயிடும்."

தனகோட்டி துணியை மடித்துப் பெட்டியில் போட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு துண்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் போனார். பித்தளைத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். அது இருந்த இடத்தில் சிமெண்ட்டை வைத்தார்.

"இதுல இருக்கிற பேர் என் பேர். இந்தச் சுவரைக் கெடுத்தது நான். அதுக்கு முன்னால இங்கே பொடி விழுந்துச்சா? பெரியவங்க யாராவது சொல்லுங்க."

முன்னால் நின்ற பெரியவர்கள் பின்வரிசைக்கு நகர்ந்தார்கள்.

"இது அதிசயம் இல்ல. என் தப்பு. என் தப்பைத்தான் நீங்க பிள்ளைங்களுக்குக் கரைச்சுக் குடுக்கறீங்க. என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. முகத்தை மட்டும் விட மாட்டேன்."

"யாரோ கிழவன், இந்தம்மா சொல்லிக்குடுத்துப் பேசறான்," என்றார் ஆதிமூலம். "நாளைக்குக் கதவைப் பூட்டறேன். எப்படி வர்றீங்கன்னு பார்க்கறேன்."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. போகிற போக்கில் யாரோ தட்டைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

தனகோட்டி படியில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன், டீச்சர். ஒருத்தரும் நம்பலையே."

டீச்சர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாதத்துல முதல் பூச்சு போட்டதும் கல் கெட்டியாச்சா?"

"இல்ல."

"எத்தனை போட்டீங்க?"

"பதினொண்ணு."

"அப்ப நாளைக்கு வெயிலுக்கு முன்னாடி வந்துடுங்க. முகத்துக்கு ஒரு பூச்சு, ஊருக்கு ஒரு பூச்சு."

"கதவு பூட்டியிருந்தா?"

டீச்சர் சிமெண்ட் துண்டை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"ஊரே கதவுக்கு வெளியிலதானே இருக்கு. அங்கேருந்து ஆரம்பிங்க."