மூக்கு உள்ளே பார்த்த கற்கள்

அந்தக் காலத்தில் பறவை பேசினால் மனுஷனுக்குப் புரியும். மனுஷன் புளுகினால் பறவைக்கும் புரிந்துவிடும். அதனால் இரண்டு தரப்பும் வாயை அளந்துதான் திறக்கும்.

அப்போதெல்லாம் ஆள்காட்டிக் குருவி மற்றப் பறவைகளைப் போல மரத்தில்தான் கூடு கட்டியது. பொட்டல்காட்டின் ஓரத்தில் நின்ற ஓர் உடை முள்மரத்தில் ஓர் ஆள்காட்டி குடியிருந்தாள். ஆனி மாதக் காற்று ஒருநாள் அந்த மரத்தை வேரோடு சாய்த்துவிட்டது. கூடு போன திசை தெரியவில்லை. அவளுக்கோ முட்டையிடும் நேரம்.

காக்கையிடம் போய் ஒரு கிளை கேட்டாள்.

“கிளை தந்தா எனக்கு என்ன தருவே?”

“முட்டை பொரிக்கட்டும், நல்ல புழுவாப் பிடிச்சுத் தாரேன்.”

“புழுவை முதல்ல கொண்டா. கிளையைப் பிறகு பேசுவோம்.”

வயிற்றில் பாரத்தோடு இடம் கேட்டு வருகிறவளிடம்தான் உலகம் இறுக்கிப் பிடித்துப் பேரம் பேசும். பட்டவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ஆள்காட்டி அங்கிருந்து பறந்தாள்.

பொட்டலின் நடுவில், சின்ன மேட்டின் மேல், கற்கள் வட்டமாகக் கிடந்தன. பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. அந்தப் பக்கம் ஆடு மேய்த்த கொம்பையாவுக்கு அந்தக் கற்கள் என்றால் உயிர். “பூதங்கள் கட்டிய கோட்டையோட அடிக்கல்லு இது. அந்தப் பூதங்களோட வம்சம் நாங்க” என்று போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்திச் சொல்வான். ஓர் ஆட்டையும் வட்டத்துக்குள் விடமாட்டான்.

ஆள்காட்டிக்கு அந்தக் கதையில் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் பொய்யோ மெய்யோ, அது ஆட்டுக் குளம்பை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. அவளுக்கு அது போதும். வட்டத்துக்குள் இறங்கி வெறும் தரையில் நான்கு முட்டைகள் இட்டாள்.

அதே நேரம் ஊரில் கண்மாய்க்குக் கல் தேடிக்கொண்டிருந்தார்கள். போன ஐப்பசி மழையில் கரை உடைந்து, வெள்ளம் தெருவுக்குள் புகுந்து, நாச்சியின் வீட்டுத் தொட்டிலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தொட்டிலில் அவளுடைய பெண்குழந்தை இருந்தது. தொட்டில் கிடைத்தது. குழந்தை கிடைக்கவில்லை. அடுத்த ஐப்பசிக்குள் கரையைக் கல் வைத்துக் கட்டியே தீருவது என்று நாச்சி வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டு ஆள் திரட்டினாள். கடப்பாரையும் வடக்கயிறும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட்டார்கள்.

கொம்பையா கையை விரித்துக் குறுக்கே நின்றான். அவன் நாச்சி புருஷனுடைய தம்பி.

“மதினி, இதுல மட்டும் கை வைக்காதீங்க. பூதம் வச்ச கல்லு.”

“நீ பார்த்தியா?”

“எங்க ஐயா சொன்னாரு.”

“அவரு பார்த்தாரா?”

“அவருக்கு அவங்க ஐயா சொன்னாரு.”

“போன சித்திரையில பூதம் ரெண்டு பனை உயரம்னே. வைகாசியில நாலு பனை. இப்ப எவ்வளவு?”

“ஏழு” என்றான் கொம்பையா, கொஞ்சம் மெதுவாக.

“பூதத்துக்கு என்ன தீனி போடுறே, கொழுந்தனாரே? அதை உன் ஆட்டுக்குப் போட்டா நல்ல விலைக்காவது போகும்!”

வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கொம்பையாவுக்கு முகம் சிவந்தது.

“அப்போ நீங்களே சொல்லுங்க. யாரும் வைக்காம கல்லு எப்படி வட்டமா வந்துச்சு?”

“வெள்ளம் உருட்டிக் கொண்டுவந்து போட்டது. சுழி விழுந்த இடத்துல கல்லு வட்டமாத்தான் கிடக்கும்.”

“வெள்ளம் இந்த மேட்டுக்கு ஏறுமா, மதினி?”

“என் வீட்டுக்கே ஏறுச்சே, கொம்பையா.”

கொம்பையாவின் கை தானாகவே கீழே இறங்கியது.

முதல் கல்லைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் வட்டத்துக்கு வெளியே, தூரத்தில், ஆள்காட்டி அலறினாள்.

“ஐயோ, இங்க வராதீங்க! என் முட்டை இங்கதான் இருக்கு! இந்தப் புதருக்குக் கீழதான்!”

ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நாச்சி மட்டும் திரும்பவில்லை. சந்தையில் நின்று பழகியவள் அவள். மட்டச் சரக்கை வைத்திருக்கிறவன் எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறானோ, அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று தெரியும்.

“அங்க இருந்தா நீ கத்தமாட்டே, தாயி. உட்கார்ந்து முட்டையை மூடிக்குவே” என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு காலை எடுத்து வட்டத்துக்குள் வைக்கப் போனாள்.

“காலை வைக்காதே!”

இந்த முறை ஆள்காட்டி கத்தவில்லை. கெஞ்சினாள். நாச்சியின் கால் அந்தரத்தில் நின்றது. கீழே பார்த்தாள். மண்ணும் சரளையும்தான் தெரிந்தன. குனிந்தாள். இன்னும் குனிந்தாள். காலுக்கு நேர் கீழே, சரளைக்கு நடுவில், சரளை நிறத்திலேயே நான்கு முட்டைகள்.

நாச்சி மெல்லக் காலை வெளியே வைத்து மண்டியிட்டாள்.

முட்டைகள் சும்மா சிதறிக் கிடக்கவில்லை. பருத்த பக்கம் நான்கும் வெளியே, கூர்ந்த மூக்கு நான்கும் உள்ளே. சுற்றிலும் விரல்நுனி அளவுக் கூழாங்கற்கள்.

“யாரு இப்படி வைக்கச் சொன்னா?”

ஆள்காட்டி பயத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள். “யாரும் சொல்லல. மூக்கை உள்ளே திருப்பினாத்தான் நாலும் என் நெஞ்சுக்கடியில அடங்குது. திருப்பலைன்னா ஏதோ ஒண்ணு குளிர்ல கிடக்கும். பெத்தவ எதைக் குளிர்ல விடுவா? கூழாங்கல்லு மட்டும் இந்தப் பெரிய கல்லு வட்டத்தைப் பார்த்து நானா வச்சது.”

நாச்சி முட்டைகளின் மூக்கை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்து, சுற்றித் தோண்டிய கல்லிடம் போனாள். மண் விலகியதில் அதன் முழு உருவமும் வெளியே வந்திருந்தது. ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் மெலிந்து. மெலிந்த மூக்கு வட்டத்தின் உள்ளே பார்த்துக் கிடந்தது.

அடுத்த கல்லின் மண்ணைக் கையாலேயே பறித்தாள். அதன் மூக்கும் உள்ளே. அதற்கடுத்ததும். எதிர்ப்பக்கம் போய் அங்கேயும் பறித்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை. எல்லா மூக்கும் உள்ளே.

“மதினி, என்ன பண்றீங்க?” என்று கொம்பையா ஓடி வந்தான்.

நாச்சி வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்துவிட்டாள்.

“புள்ளையைத் தேடி, வெள்ளம் போன ஓடையில ஒரு கல்லு விடாமப் பார்த்தவ நான். வெள்ளம் வச்ச கல்லு எனக்குத் தெரியும், கொம்பையா. அது தண்ணி போன பக்கமே மூக்கைக் காட்டும், எல்லாக் கல்லும் ஒரே பக்கம். கொண்டுபோன திசையை மட்டும் காட்டும். இப்படி ஒண்ணையொண்ணு பார்க்க வைக்கத் தெரியாது அதுக்கு.”

“நான் சொன்னேன்ல! பூதம்...”

“வாயை மூடு. ஏழு பனை பூதத்துக்கு இவ்வளவு சின்னக் கல்லு எதுக்கு? இது ரெண்டு ஆள் தூக்குற கல்லு. என்னை மாதிரி ஒருத்தியும் உன் அண்ணன் மாதிரி ஒருத்தனும் தூக்கி வச்சது.”

“உள்ளே எதை வச்சாங்க?”

“தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல நான் என்ன நீயா? ஆனா ஒண்ணு. குளிர்ல கிடக்கக் கூடாதுன்னு நெனச்ச எதையோ வச்சிருக்காங்க.”

கொம்பையா தலைகுனிந்து நின்றான். தொட்டிலோடு போன அந்தப் பிள்ளையை, இருந்த நாளில் தோளில் போட்டுக்கொண்டு ஆடு மேய்த்தவன் அவன்.

நாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குரல் பழையபடி சந்தைக் குரலாகிவிட்டது.

“சரி, இந்தக் கல்லு வேண்டாம். ஆனா கரைக்குக் கல்லு வேணும். உன் ஆட்டுப்பட்டிக் கல்லுச் சுவத்தைப் பிரிச்சுக் கொடு.”

“ஆட்டை எங்க அடைப்பேன்?”

“ஊர் கூடி முள்வேலி போட்டுத் தரும். பூதக் கதையையும் விட்டுடணும்.”

“ரெண்டு பனை பூதமாவது வச்சுக்கிறேனே, மதினி.”

“அரைப் பனைகூடக் கிடையாது.”

தோண்டிய கல்லை எல்லாரும் சேர்ந்து பழையபடி, மூக்கு உள்ளே பார்க்க, மண் அணைத்து வைத்தார்கள். நாச்சி ஆள்காட்டியிடம் வந்தாள்.

“உனக்கும் எனக்கும் ஒரு பேச்சு. முட்டை எங்க இருக்குன்னு எங்க கண்ணுக்குத் தெரியாது. நாங்க வந்தா நீ கத்து. எந்தப் பக்கம் நின்னு கத்தினாலும் சரி, நாங்க காலைப் பார்த்து வைக்கிறோம்.”

“மரத்துக்குப் போகட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா? கிளைக்குக் காக்கா புழு கேட்குது.”

“கிளைக்குப் புழு கேட்கிற இடத்துக்கு எதுக்குப் போறே? தரை யாரையும் கேட்காது. இரு.”

ஐப்பசிக்குள் கரை எழுந்தது. மழை வந்தது, தண்ணீர் கண்மாய்க்குள்ளேயே நின்றது. அன்று நாச்சி கரைமேல் ஏறி, கூழாங்கற்களைப் பொறுக்கி ஒரு சின்ன வட்டம் வைத்தாள். எல்லா மூக்கும் உள்ளே. நடுவில் வைக்க அவளிடம் எதுவும் இல்லை.

“நாளைக்கு எவனாவது இதைப் பூதம் வச்சதும்பான். எவளாவது வெள்ளம் வச்சதும்பா” என்றான் கொம்பையா.

“சொல்லட்டும். யாராவது ஒருத்தர் குனிஞ்சு பார்ப்பாங்க.”

ஆள்காட்டி மரத்தை மறந்து வெட்டவெளியில் முட்டையிடத் தொடங்கியது அந்த ஆனியில்தான். இன்றைக்கும் கூழாங்கல்லுக்கு நடுவில், கூர்மூக்கு நான்கும் உள்ளே பார்க்க வைத்திருப்பாள். ஆள் வந்தால் முட்டை ஒரு பக்கம் இருக்க இன்னொரு பக்கம் நின்று அலறுவாள். அவள் பேச்சு இப்போது நமக்குப் புரிவதில்லை. ஆனாலும் அந்தக் குரல் கேட்டதும் பொட்டலில் நடக்கிறவன் தூக்கிய காலை ஒரு கணம் நிறுத்தி, கீழே பார்த்து வைக்கிறானே, அது அன்று முதல்தான்.