மலையணில் பிடித்த வாடகை வளை

மலைச்சரிவுக் காட்டில் ஒரு பெரிய மருதமரம் இருந்தது. அதில் செவந்தி என்ற மலையணில் தன் மகள் பூவியோடு குடியிருந்தது. பூவிக்கு இன்னும் கிளை விட்டுக் கிளை தாவத் தெரியாது. செவந்தியின் கணவன் காரியைக் கோடையில் ஒரு கழுகு தூக்கிப் போய்விட்டது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ஆடிக்காற்று வீசியது. மருதமரம் வேரோடு சாய்ந்தது.

நல்லவேளை, தாய்க்கும் மகளுக்கும் காயம் படவில்லை. பக்கத்து நாவல்மரத்தில் ஒரு சின்னப் பொந்து கிடைத்தது. இரண்டு பேர் ஒண்டிக்கொண்டு படுக்க அது போதும். ஆனால், காரி சேர்த்து வைத்த பொருள்களுக்கு அங்கே இடமில்லை.

காரி லேசில் எதையும் விடாது. பலாக்கொட்டை, காய்ந்த அத்திப்பழம், மயிலிறகு, மெத்தைக்கு உரித்த பட்டைநார், உதிர்ந்து கிடந்த மான்கொம்பின் முனை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கும். "நாலு குட்டி பிறந்தால் எல்லாம் வேண்டியிருக்கும்!" என்று சொல்லிச் சிரிக்கும். நாலு குட்டி பிறக்கவில்லை. பூவி மட்டும்தான் பிறந்தது.

விழுந்த மரத்தடியில் சிதறிக் கிடந்த பொருள்களைப் பார்த்துச் செவந்தி கலங்கி நின்றது.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பாறைக்கு அடியில் கூரான் என்ற முள்ளம்பன்றி இருந்தது. அது மண்ணைத் தோண்டி நிறைய வளைகள் வைத்திருந்தது. வீட்டில் இடம் போதாத விலங்குகள் அந்த வளைகளில் பொருள்களை வைக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு குவியல் தீனி கொடுத்தால் போதும். அதுதான் வாடகை.

"கூரான் அண்ணே, எனக்கு ஒரு வளை வேண்டும்!" என்றது செவந்தி.

"தாராளமாக எடுத்துக்கொள், தங்கச்சி. எத்தனை நாளைக்கு?"

"கொஞ்ச நாள்தான். பெரிய பொந்து கிடைத்ததும் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விடுவேன்."

"கிடைக்காவிட்டால்?"

செவந்திக்குச் சுருக்கென்றது. "கிடைக்கும், அண்ணே! இதெல்லாம் என் வீட்டுக்காரர் சேர்த்தது. மழையில் போட மனசு வருமா?"

கூரான் மேற்கொண்டு கேட்கவில்லை. "நான் இடம் மட்டும்தான் தருகிறேன். உள்ளே இருக்கும் பொருளுக்கு நான் பொறுப்பில்லை. இதை மனசில் வைத்துக்கொள்" என்று மட்டும் சொன்னது.

அப்போது காட்டில் பழத்துக்குப் பஞ்சமில்லை. வாடகை கொடுப்பது செவந்திக்குச் சுமையாகத் தெரியவில்லை. காரியின் பொருள்கள் பத்திரமாக இருக்கின்றன என்ற நினைப்பே ஆறுதலாக இருந்தது. ஆனால் ஒருமுறைகூட அது வளைக்குள் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று பயந்தது. பெரிய பொந்தைத் தேடுவதும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போனது.

மழை ஓய்ந்தது. மரங்களில் காய் குறைந்தது. வாடகை மட்டும் குறையவில்லை. இரை தேடிச் செவந்தி தூரம் தூரமாகப் போக வேண்டியிருந்தது. கடைசியில் ஓடையைத் தாண்டித் தேக்கங்காடு வரைக்கும் போனது.

"அம்மா, ஓடைக்கு அந்தப் பக்கம் போகாதே! அங்கேதான் கழுகு சுற்றுகிறது!" என்று பூவி அழுதது.

"போகாவிட்டால் வாடகை எப்படிக் கொடுப்பது, கண்ணு? அப்பாவின் பொருளாயிற்றே!"

"என்னென்ன பொருள், அம்மா?"

செவந்தி வாயைத் திறந்தது. "பலாக்கொட்டை இருக்கிறது. மயிலிறகு இருக்கிறது. அப்புறம்..." அதற்குமேல் சட்டென்று நினைவு வரவில்லை. "வந்து சொல்கிறேன், போ!" என்று சிடுசிடுத்துவிட்டுத் தாவியது.

அன்று பௌர்ணமி. பகல் முழுக்க அலைந்தும் ஒரே ஒரு குவியல் கொட்டைதான் கிடைத்தது. இரண்டு முறை கழுகின் நிழல் தலைக்கு மேலே கடந்து போனது. நிழல் போகும்வரை செவந்தி இலைக்குள் பதுங்கிக் கிடந்தது.

இந்தக் கொட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனால் பூவி வயிறாரத் தின்னும். ஆனால் வாடகை? செவந்தி ஓடைக்கரையில் வெகுநேரம் தயங்கியது. 'பூவிக்கு நாளைக்குத் தேடிக்கொள்ளலாம்' என்று மனதைத் தேற்றிக்கொண்டது. கொட்டையைக் கூரானின் வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பியது.

பொந்து காலியாக இருந்தது.

"பூவி! பூவி!"

மரத்தடியில் முனகல் கேட்டது. செவந்தி பதறிப்போய்க் கீழே இறங்கியது. வேருக்குப் பக்கத்தில் பூவி சுருண்டு கிடந்தது. அதன் பின்னங்கால் ஒன்று கோணலாக மடங்கியிருந்தது.

"நுனிக்கிளையில் ஒரு காய் தெரிந்தது, அம்மா. கிளை முறிந்துவிட்டது. ரொம்பப் பசித்தது. அதனால்தான்..."

செவந்தி குட்டியைக் கவ்விக்கொண்டு மேலே ஏறியது. காலை நக்கிக் கொடுத்துப் படுக்க வைத்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒரே ஓட்டமாகக் கூரானின் பாறைக்கு வந்தது.

"அண்ணே, என் பலாக்கொட்டையை எடுக்க வேண்டும்! பசி தாங்காமல் குட்டி விழுந்துவிட்டது!"

"உன் பொருள், நீ எடுத்துக்கொள். என்னைக் கேட்பானேன்?" என்று கூரான் வழி விட்டது.

வளைக்குள் ஊசல் நாற்றம் அடித்தது. செவந்தி ஒரு பலாக்கொட்டையை எடுத்தது. உள்ளே வண்டு துளைத்திருந்தது. கையில் பட்டதும் மாவாக உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்தது. அதுவும் உதிர்ந்தது. அத்திப்பழங்களில் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. மயிலிறகில் பூச்சி தின்றதுபோகக் காம்புதான் மிச்சம். கல்லின்மேல் இருந்த பட்டைநாரும் மான்கொம்பும் மட்டும் தப்பியிருந்தன.

செவந்தி நாருக்குள் மூக்கைப் புதைத்தது. காரியின் வாசனை இல்லை. வெறும் மண்வாசனைதான் இருந்தது.

"எல்லாம் போய்விட்டது, அண்ணே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அடுத்தவர் வளைக்குள் நான் எட்டிப் பார்ப்பதில்லை, தங்கச்சி. முதலிலேயே சொன்னேனே! பக்கத்து வளையில் பெருச்சாளி கிழங்கு வைத்திருந்தது. அதன் வீட்டில் வெள்ளம் வடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு என் வளை உதவியது. உனக்கு உதவவில்லை. நான் என்ன செய்யட்டும்?"

செவந்தி தலையைக் குனிந்துகொண்டது. இத்தனை மாதமும் வாடகையாகக் கொடுத்ததைச் சேர்த்து வைத்திருந்தால், காரி சேர்த்ததைவிடப் பெரிய குவியலாக இருந்திருக்கும். அதில் ஒரு கொட்டைகூடப் பூவியின் வயிற்றுக்குப் போகவில்லை.

கூரான் வாசலைக் காட்டியது. "இன்றைக்கு நீ கொண்டுவந்ததை நான் இன்னும் தொடவில்லை. வளையை இப்போதே காலி செய்தால் அதை நீயே எடுத்துக்கொண்டு போகலாம். காலி செய்யாவிட்டால் அது எனக்கு. நன்றாக யோசித்துச் சொல்."

செவந்தி திரும்பி மான்கொம்பைப் பார்த்தது. அதைப் பல்லால் கவ்விக் காரி ஒரு பகல் முழுக்க இழுத்து வந்தது. எடுத்துப் போனால் சின்னப் பொந்தில் எங்கே வைப்பது? பூவி காலை நீட்டிப் படுக்க வேண்டுமே!

"காலி செய்துவிடுகிறேன், அண்ணே."

"அந்தக் கொம்பை விட்டுப் போனால் நான் கடித்துத் தின்றுவிடுவேன். முள்ளம்பன்றிக்குக் கொம்பும் தீனிதான். அப்புறம் வந்து கேட்காதே!"

செவந்தி நாரை மட்டும் சுருட்டி எடுத்தது. "தின்றுகொள், அண்ணே" என்றது.

கொட்டையையும் நாரையும் இரண்டு நடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பூவி வயிறாரத் தின்றது. நார் மெத்தையில் கால் நீட்டித் தூங்கியது.

அதற்குப் பிறகு செவந்தி ஓடையைத் தாண்டவில்லை. பக்கத்தில் கிடைத்ததே இருவருக்கும் போதுமானதாக இருந்தது. பூவியின் வலி போயிற்று. ஆனால் கால் கோணல் நிமிரவில்லை. மற்ற குட்டிகள் மரத்துக்கு மரம் தாவும்போது, பூவி கீழே இறங்கி நொண்டி நொண்டி நடந்துதான் அடுத்த மரத்தில் ஏறும். அதைப் பார்க்கும்போதெல்லாம் செவந்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நீதி: ஒரு பொருளை வாடகை கொடுத்துக் காப்பதற்கு முன், அது இல்லாவிட்டால் நமக்கு என்ன குறையும், அதைக் காப்பதால் வீட்டில் யாருக்கு என்ன குறையும் என்று இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.