காலித் துப்பாக்கியும் ரசஞ்சாதமும்

மலையடிவாரத்து ரைஃபிள் கிளப்பில் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளச் சொல்லிக்கொடுப்பவள் அம்சவேணி. அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. படிக்க வந்த நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு.

அவருடைய கடலைக்காட்டைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றுகொண்டிருந்தன. வெடிச்சத்தம் காட்டி விரட்ட ஒரு துப்பாக்கி வேண்டும். அதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு அம்சவேணி கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் மனு தள்ளுபடி. அன்று சனிக்கிழமை.

குறி பார்ப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அதுவரை நடந்த இரண்டு தேர்விலும் ஒரே இடத்தில்தான் தவறினார். அம்சவேணி துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்து, மூடி, "காலிதான்" என்று நீட்டுவாள். அவர் பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி அப்படியே தோளில் சாய்த்துக்கொள்வார். அவள் பேனாவை மூடிவிடுவாள்.

அன்று மூன்றாம் முறையும் அதேதான் நடந்தது.

வாங்கினதும் நீங்களும் திறந்து பார்க்க வேண்டுமென்று எத்தனை தடவை சொல்வது என்று கேட்டாள். தெரியும், கைதான் வரமாட்டேன் என்கிறது என்றார் அவர்.

"சொல்லிக் குடுக்கறவங்க நீங்க. நீங்க பாத்துக் குடுத்ததை உங்க கண்ணு முன்னாலயே திறந்து பாத்தா, உங்களை நம்பலைன்னு ஆயிடாதுங்களா அம்மிணி?"

அம்சவேணி துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து பார்க்கலாம் என்றாள்.

அவள் வீட்டுக்காரர் தனபால் பைக்கில் குழந்தையைக் கூட்டி வந்தார். கிண்ணத்தில் ரசஞ்சாதம். குழையப் பிசைந்து, விசிறி ஆற்றி, தானே தின்றும் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

அம்சவேணி ஒரு வாய் எடுத்தாள். உதட்டில் வைத்துப் பார்த்தாள். இரண்டு முறை ஊதினாள். பிறகுதான் ஊட்டினாள். அடுத்த வாய்க்கும் அப்படியே.

"பாத்தீங்களாங்க, கட்டுனவன் பேச்சுக்கு இருக்கற மரியாதைய," என்று நாச்சிமுத்துவிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, தனபால் தண்ணீர் பிடிக்கப் போனார்.

நாச்சிமுத்து மெல்லக் கேட்டார். "ஆறித்தானுங்களே இருக்குது?"

"அவர் கொண்டு வர்றது என்னைக்கும் ஆறித்தான் இருக்கும்."

அடுத்த மாதம் நாச்சிமுத்துவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். முதல் நாளே சொல்லிப் பூரித்திருந்தார். இந்த ஒரு வாயை நீங்கள் ஊட்டுங்கள், பேரப்பிள்ளைக்குப் பழகினாற்போல இருக்கும் என்று, ஊதி ஆற்றிய உருண்டையை அவர் கையில் வைத்தாள்.

குழந்தை வாயைத் திறந்தது. நாச்சிமுத்து உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குனிந்து ஊதினார். இன்னொரு தரமும் ஊதிவிட்டு ஊட்டினார்.

"ஏனுங்கய்யா," என்றாள் அம்சவேணி, "நான் ஊதித்தானே குடுத்தேன்?"

அவர் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தையைத் தனபால் வீட்டுக்குக் கூட்டிப் போன பிறகு, அவள் துப்பாக்கியைத் திறந்து, பார்த்து, மூடி நீட்டினாள். "காலிதான்."

அவர் வாங்கினார். குழலைக் குண்டு தடுக்கும் மண்மேட்டுப் பக்கம் திருப்பினார். மடக்கித் திறந்து உள்ளே பார்த்தார். சுண்டுவிரலை விட்டும் பார்த்தார்.

"காலியாத்தானுங்க இருக்குது அம்மிணி," என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

அம்சவேணி பேனாவைத் திறந்தாள்.

"சாதமும் ஆறித்தானுங்களே இருந்துச்சு," என்றாள்.