அத்தி மரத்துக்குக் காவல் இருந்த இருவாச்சி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் ரெஜினா. ஜெபக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காருபவள். என் மூத்தவன் துபாய்க்குப் போன வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சொன்னாள்.

மலைக்காட்டில் ஓர் இருவாச்சி ஜோடி இருந்தது. அந்தப் பறவைகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு சந்துதான் இருக்கும். உள்ளே அதன் சிறகு உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் உயிர்.

குஞ்சு பொரிந்த பிறகு ஒருநாள் ஆண் இருவாச்சி மூச்சு வாங்க வந்தது.

"அடியே, ஓர் அத்தி மரம் கண்டுபிடிச்சிருக்கேன்! கிளையே தெரியாம பழம்! இனி இந்தக் காட்டிலேயே நாமதான் பணக்காரங்க!"

"சந்தோஷங்க. கொஞ்ச நேரம் இந்தக் கிளையில உட்காருங்களேன். உங்க குரல் கேட்டா குஞ்சு அழாம தூங்குது."

"உட்காரவா? நான் இங்கே உட்கார்ந்தா, கிளிங்க அங்கே காலி பண்ணிடும்!"

பறந்துவிட்டது.

அன்றிலிருந்து அது அத்தி மரத்தைக் காவல் காத்தது. கிளியைத் துரத்தும். குரங்கைத் துரத்தும். ஒரு நாளைக்குப் பத்து தடவை பொந்துக்கு வந்துகொண்டிருந்தது, மூன்று தடவை ஆயிற்று. பிறகு ஒரே தடவை.

மலை அணில் கேலி பண்ணியது.

"என்ன மாமா, மரத்துக்குப் பட்டா வாங்கியாச்சா? அங்கே அத்தை பட்டினி கிடக்கப் போறாங்க, போய்க் கொடுத்துட்டு வாங்க!"

"நீ தின்னத்தானே என்னை விரட்டுறே, திருட்டுப் பயலே! நான் யாருக்காகக் காக்கிறேன்? அவங்களுக்காகத்தானே!"

அப்புறம் ஒரு பெரிய கிளிக் கூட்டம் வந்தது. விரட்ட விரட்டத் திரும்பி வந்தது. மூன்று நாள் ஆண் இருவாச்சி மரத்தை விட்டு நகரவே இல்லை.

பொந்துக்குள் குஞ்சு கேட்டது. "அம்மா, அப்பா எப்போ வருவாங்க?"

"வருவாங்கடா கண்ணு. நமக்காகத்தானே அலையறாங்க."

கடைசியாகக் கிடந்த ஒரு காய்ந்த பழத்தைக் குஞ்சின் வாயில் வைத்தது தாய். தான் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் கிளிகள் ஓய்ந்து போயின.

"ஜெயிச்சுட்டேன்!" என்று கத்திக்கொண்டு, நன்றாகச் சிவந்த பழங்களை அலகு நிறைய எடுத்துக்கொண்டு பறந்தது ஆண் இருவாச்சி. சந்தில் ஒரு பழத்தை வைத்தது. யாரும் வாங்கவில்லை.

"கோபமா? இந்தா பாரு, முழு மரமும் நமக்குத்தான்!"

இன்னொன்று வைத்தது. அது உருண்டு கீழே விழுந்தது.

பதறிப்போய்ப் பூச்சைக் கொத்தி உடைத்தது. உள்ளே தாயின் மார்புக்கடியில் குஞ்சு ஒடுங்கிக் கிடந்தது. இரண்டும் குளிர்ந்து போயிருந்தன.

இப்போது அது கிளையில் உட்கார்ந்தது. பெண் பறவை கேட்ட அதே கிளை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அத்தி மரத்தில் கிளிகள் மறுபடி இறங்கின. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எவ்வளவு சேர்த்தாலும், யாருக்காகச் சேர்த்தோமோ அவர்களை இழந்துவிட்டால் அந்தச் செல்வத்தில் சந்தோஷம் இல்லை.

இதைக் கேட்ட நீங்கள் இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். உங்களுக்காகக் காத்திருப்பவர் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.