மணல்மேட்டில் முதல் கொத்து

ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒரு மணல்மேடு அடைத்துக் கிடந்தது. கோடையில் கடல் தள்ளிவிட்ட மணல் அது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும், போக வழியில்லாத ஆற்றுத் தண்ணீர் கரையேறத் தொடங்கியது.

கரையோர நாணலில் செம்மூக்கி என்ற தாழைக்கோழி ஆறு முட்டைகளை அடைகாத்து வந்தது. காலையில் தண்ணீர் கூட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. மத்தியானம் நாலு விரல்தான் பாக்கி! செம்மூக்கி அலறிக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடியது.

அங்கே நூறு நண்டுகள் சும்மா உட்கார்ந்திருந்தன.

"முண்டக்கண்ணு அண்ணே! இன்னும் மணலைத் தோண்டலையா? என் முட்டையெல்லாம் முழுகப்போகுது!"

நண்டுகளின் தலைவன் முண்டக்கண்ணன் நிதானமாகச் சொன்னது: "பதறாதே தங்கச்சி! வருஷா வருஷம் கூழைக்கடா ஐயாதான் வந்து முதல் கொத்து கொத்துவார். அப்புறம்தான் நாங்க தோண்டுவோம். அதுதான் முறை."

"அவர் எப்போ வருவார்?"

"வருவார்."

"எப்போன்னு கேட்டேன்!"

"வரும்போது வருவார்."

செம்மூக்கிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொள்ளக் கை இல்லை.

"சரி, நீர்நாய் மாமா கொத்தட்டுமே!"

"ஐயோ, கொக்குக்குக் கோபம் வரும்."

"அப்போ கொக்கே கொத்தட்டும்!"

"நீர்நாய் வருத்தப்படுவார்."

"தண்ணி யார் வருத்தத்தைப் பார்த்துக்கிட்டு ஏறுது?"

 ஐயா வந்தால் எந்தப் பக்கம் நின்று வரவேற்பது என்று நண்டுகள் பேசிக்கொண்டிருந்தன.

செம்மூக்கி கூட்டுக்கு ஓடிப் பார்த்தது. இரண்டு முட்டைகளைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது.  அழ நேரமில்லை. திரும்பி ஓடி வந்து, தன் நீளமான கால் விரல்களாலேயே மணலைச் சீய்த்தது.

"ஐயையோ! முறை கெட்டுப்போச்சு!" என்று நண்டுகள் கத்தின.

விரல் அகலத்துக்கு ஒரு கோடு விழுந்தது. அதன் வழியே தண்ணீர் கடல் பக்கம் மெல்ல இறங்கியது. பிறகு தண்ணீரே மணலை அரித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மேடு உடைந்து, ஆறு கடலுக்குள் பாய்ந்தது. கூட்டை விட்டுத் தண்ணீர் இறங்கியது.

மறுநாள் கூழைக்கடா வந்து இறங்கியது. நண்டுகள் நடுங்கிக்கொண்டே போய், "ஐயா, உங்க முதல் கொத்து இல்லாமலே..." என்று இழுத்தன.

"எந்தக் கொத்து? நான் பசியோட வந்து இறங்குவேன். வாயிலிருந்து நழுவின மீனை மணல்ல கொத்தித் தேடுவேன். அதையா முறைன்னு வச்சிருக்கீங்க?" என்றது கூழைக்கடா.

நண்டுகள் கூடிப் பேசின. பிறகு முண்டக்கண்ணன் உற்சாகமாகக் கத்தியது:

"அடுத்த வருஷம் முதல் கொத்து செம்மூக்கி அம்மாதான்! அவங்க வர்ற வரைக்கும் ஒருத்தரும் மணலைத் தொடக்கூடாது!"

மிஞ்சிய நாலு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த செம்மூக்கி கண்களை மூடிக்கொண்டது.

காரணம் தெரியாத முறையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் நஷ்டம்.