ரொட்டிக்கடைக்காரியின் சிலை

இத்தாலியில் ஒரு மலையூர். போர்க்காலத்தில் ஜெர்மன் படை அங்கே புகுந்தபோது, ரொட்டிக்கடை ஒடிலியா ஒரு யூதக் குடும்பத்தை மாவு அறைச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். தெரிந்திருந்தால் அவளையும் சேர்த்துச் சுட்டிருப்பார்கள். தெரியவில்லை. குடும்பம் பிழைத்தது.

அவள் செத்து எத்தனையோ வருஷம் கழித்து ஊருக்கு நன்றி ஞாபகம் வந்தது. சந்தைக்கு நடுவில் சிலை வைப்பது என்று முடிவானது.

சிலை செய்யும் வேலை ரெனாத்தாவுக்கு. நாற்பத்தைந்து வயதாகியும் அவள் முதிய சிற்பி தெக்லாம்மாவின் சிஷ்யைதான். அவர் வீட்டுப் பட்டறையில் களிமண் உருவம் முடிந்துவிட்டது. மறுநாள் வெண்கலம் வார்க்க எடுத்துப் போவார்கள். பிறகு ஒரு விரலைக்கூட மாற்ற முடியாது.

களிமண் ஒடிலியா கழுத்தைத் திருப்பி, பின்னால் ஒளிந்திருப்பவர்களைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து பார்த்த நகராட்சிக்காரர்கள் உருகிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தெக்லாம்மா மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

"ஏதோ தப்பு இருக்கு, இல்லையாம்மா?"

"இருக்கு."

"எங்கேன்னு சொல்லுங்களேன். நாளைக்கு வண்டி வந்துடும்."

"சொன்னா தலையாட்டுவே. அவ்வளவுதான்."

ரெனாத்தா சிலையை மறுபடி சுற்றி வந்து பார்த்தாள். அப்போது கொல்லைக் கதவு திறந்தது. மாடியில் குடியிருக்கும் செலாம், செருப்பில்லாமல் ஓடி வந்தாள். உயிருக்குப் பயந்து நாடு விட்டு வந்தவள். இங்கே தங்கும் அனுமதி முடிந்துவிட்டது. திருப்பி அனுப்பினால், அவள் புருஷனைக் கொன்றவர்கள் அங்கே இவளுக்காகக் காத்திருப்பார்கள்.

"போலீஸ்," என்றாள்.

தெக்லாம்மா எழுந்தார். பின்சுவரில் இருந்த பெரிய அலமாரியைத் திறந்து, அவளை உள்ளே தள்ளிச் சாத்தினார். திரும்பி வந்து மீதிக் கத்தரிக்காயை எடுத்துக்கொண்டார்.

"அம்மா! தெரிஞ்சா நமக்கும் ஜெயில்தான்!"

"வாசல்ல தட்டறான் பாரு. போய்த் திற."

போலீஸ்காரன் இளைஞன். மரியாதையாகத்தான் கேட்டான்.

"மாடியில இருக்கிறவ இங்கே வந்தாளா?"

"இல்லையே." ரெனாத்தா கதவை விட்டு நகரவில்லை.

அவன் சிலையைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "நம்ம ஒடிலியாதானே? எங்க அப்பா நிறையச் சொல்லியிருக்கார். ஆமா, அங்கே யாரைப் பார்க்கறா?"

"ஒளிச்சு வச்சவங்களை." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவன் சிலையின் பார்வை போன திசையிலேயே மெல்லக் கழுத்தைத் திருப்பினான். அங்கே அலமாரி இருந்தது. ஓர் அடி எடுத்து வைத்தான்.

ரெனாத்தா அலமாரியைப் பார்க்கவில்லை. அவன் பூட்ஸைப் பார்த்தாள்.

"என்ன சார் இது! சேத்துக் காலோட வந்திருக்கீங்க? காலையிலதான் முட்டி தேயத் துடைச்சேன். உங்க வீட்டுக்காரம்மாவா வந்து துடைப்பாங்க?"

அவன் கூசிப்போனான். "மன்னிச்சுக்கங்கம்மா." நுனிக்காலில் வெளியே போனான்.

ரெனாத்தா கதவைச் சாத்தினாள். சட்டென்று அலமாரிப் பக்கம் போகப் பார்த்தாள்.

"அங்கே போகாதேடீ. போலீஸ் வண்டி கிளம்பின சத்தம் கேட்டுதா?"

கேட்கவில்லை. இருவரும் காத்திருந்தார்கள். அலமாரிக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"நான் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பலைம்மா. கவனிச்சீங்களா?"

"நீ திரும்பலை." தெக்லாம்மா கத்திமுனையால் சிலையைக் காட்டினார். "அவதான் திரும்பிட்டா."

ரெனாத்தா சிலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவில் வண்டி இன்னும் அசையவில்லை.

"இப்போ என்னம்மா செய்யறது?"

"வேலையைப் பாரு. அந்தத் தலையை வாசல் பக்கம் திருப்பு."